பேட்டரியில் இயங்கும் சக்ஷன் மெஷின்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

28 வாரத்தில் பிறந்த எங்கள் மகன் நீண்ட நாட்கள் வென்டிலேட்டரில் இருந்ததால், குரல்வளைக்குக் கீழே அவனுடைய மூச்சுப்பாதை சுருங்கிவிட்டது. ஐந்தாம் மாதத்தில் கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய் வைத்தார்கள். இப்போது அவனுக்கு இரண்டரை வயது. மூச்சுக்காற்று குரல்நாண்களைத் தொடாமல் குழாய் வழியாகவே வெளியேறிவிடுவதால், அவன் அழுதால் சத்தம் வராது. குழாயில் சளி சேர்ந்து கரகரப்பதுதான் எங்களுக்கு அவன் விடுக்கும் அழைப்பு. அது கேட்டவுடன் நாங்கள் கை நீட்டுவது, சளியை உறிஞ்சி எடுக்கும் இந்தக் கருவியை நோக்கித்தான்.

மதுரையில் உள்ள மருத்துவ உபகரணக் கடை ஒன்றில் 21,500 ரூபாய்க்கு வாங்கினோம். எடை நான்கு கிலோவுக்குச் சற்று அதிகம். உறிஞ்சிய சளி சேரும் ஒரு லிட்டர் ஜாடி, தோளில் மாட்டிக்கொள்ளும் பை, காரில் செருகும் சார்ஜர் ஆகியவை உடன் வந்தன. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உறிஞ்சும் அழுத்தம் 600 மி.மீ. பாதரசம் வரை போகும் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எங்களுக்கு மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த அளவோ 80 முதல் 120 வரை மட்டுமே. அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உட்சவ்வு புண்பட்டு இரத்தம் கசியலாம். ஆகவே அந்த 600 என்ற எண்ணால் ஒரு குழந்தையின் பெற்றோருக்குப் பயன் எதுவும் இல்லை. தாழ்ந்த அளவில் திருகு எவ்வளவு நுணுக்கமாகத் திரும்புகிறது என்பதைத்தான் கடையிலேயே பார்க்க வேண்டும். இந்தக் கருவியில் அது மோசம்: நூறில் நிற்கும் முள், திருகை மயிரிழை நகர்த்தினாலும் இருநூறைத் தாண்டிவிடுகிறது. என் மனைவி சரியான இடத்தில் நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். என்றாலும் தினமும் காலையில் ரப்பர் குழாயின் முனையைக் கட்டை விரலால் அடைத்து, முள் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீல முனையுள்ள எட்டாம் எண் கதீட்டரை, அதாவது கழுத்துக் குழாய்க்குள் விட்டுச் சளியை எடுக்கும் மெல்லிய குழாயை, பொருத்துகிறோம்.

சத்தம் உண்டு. வெறும் மேசையில் வைத்தால் மேசையே அதிரும். அடியில் ரப்பர் விரிப்பு போட்ட பிறகு பக்கத்து அறையில் மூத்தவள் விழித்துக்கொள்வது குறைந்திருக்கிறது.

மூன்றாம் மாதத்தில் ஒரு நள்ளிரவில் உறிஞ்சும் வேகம் திடீரென்று விழுந்துவிட்டது. மோட்டார் போய்விட்டது என்றே நினைத்தோம். உண்மையில் ஜாடி நிரம்பி, நுரை மேலேறி, ஜாடிக்கும் பம்புக்கும் நடுவே இருக்கும் வெள்ளை வட்டு வடிகட்டி நனைந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஈரம் பட்டால் காற்றை விடாமல் அடைத்துக்கொண்டு பம்பைக் காப்பதுதான் அந்த வடிகட்டியின் வேலை என்பதைக் கையேட்டில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது ஜாடி முக்கால் பங்கு நிரம்புவதற்கு முன்பே கொட்டிக் கழுவிவிடுகிறோம். மாற்று வடிகட்டிகள் மூன்று எப்போதும் அலமாரியில் இருக்கின்றன.

என் பெரிய மனக்குறை பேட்டரியைப் பற்றியது. முழு சார்ஜில் 60 நிமிடம் ஓடும் என்றார்கள். புதிதில் ஏறக்குறைய அவ்வளவு ஓடவும் செய்தது. பத்தாம் மாதத்தில், எங்கள் பகுதியின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளன்று, 20 நிமிடத்திலேயே சிவப்பு விளக்கு எரிந்தது. கதீட்டர் உள்ளே இருப்பது ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்பதால், இரண்டு மூன்று முறை விட்டு எடுத்தாலும் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆகவே 20 நிமிடம் தாராளம் என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். சளி பிடித்த நாளில் கால் மணிக்கு ஒரு தடவை எடுக்க வேண்டியிருக்கும், மின்சாரம் ஐந்து மணி நேரம் கழித்துத்தான் வரும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்த 20 நிமிடமும் தீர்ந்துவிடும். அன்று காரில் உட்கார்ந்து, கார் சார்ஜரில் இணைத்துத்தான் சமாளித்தோம்.

கடைக்குச் சென்றபோது, உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டும்தான், பேட்டரிக்குக் கிடையாது என்றார்கள். கருவியை விட்டுச் செல்லுங்கள், பேட்டரி வந்ததும் அழைக்கிறோம் என்றும் சொன்னார்கள். விட்டுச் சென்றால் குழந்தைக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. மாற்றுக் கருவி தரும் வழக்கமும் அங்கே இல்லை. ஆறு வாரம் கழித்து 3,200 ரூபாய்க்குப் புதிய பேட்டரி கிடைத்தது. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் இந்த ஈய-அமில பேட்டரிகளின் ஆயுள் குறையும் என்பதை அதை மாற்றிக்கொடுத்த மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பயணம் முடிந்து வந்ததும் பையோடு மூலையில் வைத்தது எங்கள் தவறு.

வாங்க நினைப்பவர்கள் பேட்டரி எந்த வகை, அதற்கு எத்தனை மாத உத்தரவாதம், பழுதானால் தற்காலிகக் கருவி தருவார்களா என்பவற்றை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையால் அழுத்தி இயக்கும் சிறிய பம்பு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். நாங்கள் அதை அந்த மின்தடைக்குப் பிறகுதான் வாங்கினோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, மகன் தூங்கும் நேரத்தில் அந்தப் பம்பை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு, கருவியை அடுத்த அறையில் பேட்டரியில் ஓடவிட்டு நேரம் குறிக்கிறோம்; பிறகு உடனே சார்ஜ் போட்டுவிடுகிறோம். புதிய பேட்டரி சென்ற மாதம் 54 நிமிடம் ஓடியது. இந்த மாதம் 51.