கேன்லீ: பூர்வகுடித் தன்னாட்சி வழக்குகளைத் தேட உதவுமா?

கனடிய வழக்கறிஞர் சங்கங்களின் பணத்தில் இயங்கும் கேன்லீ தளத்தில் அந்நாட்டுத் தீர்ப்புகளும் சட்டங்களும் இலவசம். கணக்குத் திறக்கத் தேவையில்லை. ஆங்கிலம், பிரெஞ்சு மட்டும்தான்.

தேடுபெட்டியில் வெறுமனே 'செல்ஃப் கவர்ன்மென்ட்' என்று போடாதீர்கள். சம்பந்தமில்லாத வழக்குகளும் வந்து குவியும். பூர்வகுடிகளின் உரிமைகளை அங்கீகரிக்கும் 1982 அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவை மேற்கோள் காட்டும் தீர்ப்புகளை முதலில் எடுங்கள். அங்கிருந்து பமாஜெவன் (1996) வழக்குக்குப் போங்கள். ரிசர்வ் நிலத்தை (பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலம்) நிர்வகிக்கும் உரிமை என்று இரு பூர்வகுடிச் சமூகங்கள் கேட்டதை 'மிகப் பொதுவானது' என்று ஒதுக்கிய உச்ச நீதிமன்றம், பெருந்தொகைச் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் உரிமை என்று அதைச் சுருக்கி நிராகரித்தது. பின்னால் தன்னாட்சி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இதுதான் முட்டுக்கட்டை.

வடிகட்டியில் ஒரு பொறி இருக்கிறது. 'கனடா உச்ச நீதிமன்றம்' என்று மட்டும் தேர்ந்தெடுத்தால் கேம்ப்பெல் (2000) வழக்கு கண்ணிலேயே படாது. நிஸ்கா என்ற பூர்வகுடியினரின் தன்னாட்சி அதிகாரம், கனடா உருவான 1867 கூட்டாட்சிக்குப் பிறகும் அழியவில்லை என்று சொன்னது பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றம். பெயர்தான் உச்சம், உண்மையில் அது மாகாண விசாரணை நீதிமன்றம்!

கவனம் அதிகம் தேவைப்படுவது 2022 கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றக் கருத்துரையில் (அரசு கேட்ட சட்டக் கேள்விக்கு நீதிமன்றம் தரும் பதில்). பூர்வகுடிக் குழந்தைகள் நலச் சட்டத்தைப் பற்றிய அது, 35ஆம் பிரிவில் தன்னாட்சி உரிமை அடங்கும் என்று தெளிவாகவே சொல்கிறது. படிப்பவர் உற்சாகத்தில் அதையே மேற்கோள் காட்டிவிடுவார். ஆனால் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் முழுவதும் செல்லும் என்று கூறியபோது, 35ஆம் பிரிவுக் கேள்விக்கு விடை சொல்லவில்லை. உரிமையை நாடாளுமன்றமே சட்டத்தில் உறுதி செய்திருப்பதே போதும் என்று நிறுத்திக்கொண்டது. எனவே எந்தத் தீர்ப்பானாலும் அதன் மேல்முறையீட்டு வரலாற்றைத் திறக்காமல் நகலெடுக்காதீர்கள். எத்தனை வழக்குகள் மேற்கோள் காட்டின என்ற எண்ணிக்கையை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஏற்றார்களா, விலக்கினார்களா என்பதைப் பத்தியைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

தன்னாட்சி ஒப்பந்தங்களின் முழு வாசகத்துக்குக் கூட்டாட்சி அரசின் தளமே வசதி. வழக்குகளுக்கு மட்டும் என்றால், கேன்லீக்கு ஐந்துக்கு நான்கு தரலாம்.