பழைய தியேட்டர் சுவருக்கு ஹைட்ராலிக் சுண்ணாம்பு 3.5: எங்கே பிடிக்கும், எங்கே ஆகாது

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய பழைய தியேட்டரில் ஏசி, புது வயரிங் என்று இறங்கினால் முதலில் அடிவாங்குவது சுவர்ப்பூச்சுதான். வயருக்குக் காடி வெட்டிவிட்டு சிமென்ட் வைத்து அடைப்பார்கள். ஈரம் சிமென்ட்டில் ஏற முடியாமல் பக்கத்துப் பழைய பூச்சில் ஏறும்; நாளடைவில் காடியின் இருபுறமும் உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். அந்த இடத்துக்கு மூட்டையில் வரும் இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பு (தண்ணீர் சேர்த்தால் இறுகும் வகைச் சுண்ணாம்பு), 3.5 தரம், பொருத்தமான சரக்கு.

3.5 என்பது 28 நாளில் எட்ட வேண்டிய குறைந்தபட்ச அழுத்த வலிமை, மெகாபாஸ்கலில். 5 தரம் கெட்டியாக இருக்குமே என்று மென்மையான செங்கல்லுக்கு வாங்க வேண்டாம். பூச்சு செங்கல்லைவிடக் கடினமானால் சிதைவது செங்கல்தான்.

அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணல். எடைபோடக் கூடாது, வாளியால் அளக்க வேண்டும். சுண்ணாம்பு மணலைவிட இலேசு என்பதால் எடைக் கணக்கு சுண்ணாம்பைக் கூட்டிவிடும். வெடிப்பு விட்டதென்று மூட்டையைத் திட்டுகிறவர்கள் மணலைத்தான் திட்ட வேண்டும். பொடிமணலானால் வலைபோல் வெடிக்கும், 4 மி.மீ. வரை பருமனும் பொடியும் கலந்த, முனை மழுங்காத மணல் வேண்டும். முந்தின நாளே சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மி.மீ. அளவில் பூசி, ஈரச் சாக்கு கட்டி மூன்று நாளாவது காயாமல் காக்க வேண்டும். அடுத்த தடவை பூச ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அதற்குள் ஏசியை ஓட்டிக் காயவைத்தால் மேற்பரப்பு மாவாகக் கையில் ஒட்டும்.

சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் ஒரு பிடி ஜிப்சம் போடப் பார்ப்பார். விடாதீர்கள். பிறகு ஈரம் பட்டால் இரண்டும் வினைபுரிந்து ஊதி, பூச்சைத் தள்ளிவிடும். மேலே வெள்ளையடிப்பதோ சிலிகேட் பெயின்ட்டோ சரி. பிளாஸ்டிக் எமல்ஷன் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். கூரை ஒழுகினால் இந்தச் சுண்ணாம்புப் பூச்சும் உப்புப் பூக்கும், ஒழுக்கை அடைத்த பிறகே மூட்டையைப் பிரிக்கலாம்.

சாக்குத்துணி வைத்து வார்த்த ஜிப்சம் கூரைகளுக்கு இந்தச் சுண்ணாம்பு ஆகவே ஆகாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பூச்சை அல்ல, அதைத் தாங்கும் கட்டுகளை. லண்டன் அப்பல்லோ தியேட்டரில் 2013 டிசம்பர் 19 அன்று கூரைப்பூச்சு சரிந்தது, தாங்கிநின்ற சாக்குத்துணிக் கட்டுகள் நைந்துபோனதால். அந்தக் கட்டுகளை மேலே ஏறித்தான் சோதிக்க முடியும். கீழிருந்து பார்த்தால் கூரை சுத்தமாகத்தான் தெரியும்.