மாமா யார், சித்தப்பா யார்: டி-பிளேஸ் தளத்தோடு இரண்டு மாதம்

என் அண்ணன் மகள் சிங்கப்பூரில் ஜேசியில், அதாவது தொடக்கக் கல்லூரியில், முதலாம் ஆண்டு. தமிழ்க் கணக்கில் எனக்கு மருமகள் முறை. புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தவள் ஒருநாள் கேட்டாள்: "அத்தை, அம்மாவோட தம்பி மாமா, அப்பாவோட தம்பி சித்தப்பா. இங்கிலீஷ்ல ரெண்டு பேரும் அங்கிள்தானே. நாம மட்டும் ஏன் பிரிக்கிறோம்?"

இருபது வருடமாகப் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். உறவுப் பெயர்ப் பாடத்தை வருடம் தவறாமல் நடத்துகிறேன். யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லித்தந்திருக்கிறேன். ஏன் என்று ஒரு குழந்தையும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. பதில் தேடிப் போன இடத்தில்தான் டி-பிளேஸ் கிடைத்தது. அதை இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

டி-பிளேஸ் 2016ல் வெளிவந்த ஓர் இலவசத் தரவுத்தளம். உலகின் 1,400க்கும் மேற்பட்ட சமூகங்கள் வரைபடத்தில் ஆளுக்கொரு புள்ளியாக இருக்கின்றன. நீங்கள் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கல்யாணம் முடிந்து தம்பதி யார் வீட்டில் குடியிருப்பார்கள்? சொத்து யாருக்குப் போகும்? அத்தை மகனைக் கட்டிக்கலாமா? கேள்வியைத் தொட்டதும் விடைக்கேற்பப் புள்ளிகள் நிறம் மாறும். அந்த ஊர் மழை, வெயில் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மொழிக் குடும்பங்களின் கிளைமரமும் உண்டு. பதிவு, கட்டணம் எதுவும் கிடையாது.

தரவின் பெரும்பகுதி ஜார்ஜ் பீட்டர் மர்டாக் என்ற அமெரிக்க மானுடவியலாளர் தொகுத்தது. ஆராய்ச்சியாளர்கள் ஊர் ஊராகத் தங்கி எழுதிய நூல்களைப் படித்து, ஒவ்வொரு சமூகத்தின் வழக்கத்தையும் எண்ணாகவும் எழுத்தாகவும் குறித்துவைத்தார். 1967ல் அது நூலாக வந்தபோது 862 சமூகங்கள் இருந்தன. பிறகு இன்னும் கூடியது. அவர் யேல் பல்கலைக்கழகத்தில் 1930களில் தொடங்கிய வேலையிலிருந்துதான் 1949ல் எச்ஆர்ஏஎஃப் (Human Relations Area Files) என்ற நிறுவனமும் பிறந்தது. அவர்களுடைய தரவுத்தளத்தில் மூல நூல்களையே பத்தி பத்தியாகக் குறியீடு போட்டு வைத்திருக்கிறார்கள். உறவுச் சொல்லுக்கு 601, பிரசவத்துக்குப் பிந்திய கவனிப்புக்கு 846 என்று போட்டால் அந்தப் பத்தியே வந்து நிற்கும். அது சந்தா கட்டும் நூலகங்கள் வழியாகத்தான் கிடைக்கும். எங்களைப் போன்றவர்கள் தொடங்க டி-பிளேஸ்தான் சரி.

உறவுச் சொல் கேள்வியைப் போட்டதும் என்ன வந்தது? தென்னிந்தியாவில் தெரிந்த அதே நிறம் வட அமெரிக்காவில், ஆப்பிரிக்காவில், நியூகினியில். அந்த வகைக்குப் பெயர் 'இரோகுவா'. வட அமெரிக்கப் பழங்குடிக் கூட்டமைப்பின் பெயர். அப்பாவின் சகோதரரும் அப்பா, அம்மாவின் சகோதரியும் அம்மா, அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை. ஆனால் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் வேறு. பெரியப்பா, சித்தப்பா என்ற சொற்களுக்குள்ளேயே அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் நான் காதால் கேட்டேன். எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்!

மருமகள் உடனே, "அப்போ நம்மாளுங்க அங்கே போனாங்களா?" என்றாள். இதே இடத்தில்தான் லூயிஸ் ஹென்றி மார்கனும் நின்றார். நியூயார்க் மாநிலத்து வழக்கறிஞர். இரோகுவா மக்களில் செனகா இனத்தாரின் உறவுமுறையை நன்கு அறிந்தவர். தென்னிந்தியாவில் பணியாற்றிய பாதிரியார்கள் வழியாகத் தமிழ் உறவுச் சொற்கள் கைக்கு வந்தபோது வியந்துபோனார். 1871ல் வெளியான தன் பெரிய நூலில் செனகாவையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டியலே போட்டார். அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்றும் நம்பினார். உறவுச் சொல்லை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ஒரே மாதிரியான அமைப்பு தனித்தனியாகவும் தோன்றலாம்.

இந்தத் தளத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை இங்கேதான். மர்டாக்கின் வகைகளில் திராவிட உறவுமுறைக்குத் தனிப் பெட்டி இல்லை. அதையும் இரோகுவாவிலேயே சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்லவே. அப்பாவின் அத்தை மகனை நாம் என்ன சொல்லிக் கூப்பிடுவோம்? அப்பாவுக்கு மச்சான், அதனால் நமக்கு மாமா. செனகா முறையில் அவர் அப்பா வரிசையில் போய்விடுவார். அங்கே அத்தை மகனைக் கட்டும் வழக்கமும் இல்லை. நமக்கோ மாமா என்றால் அம்மாவின் தம்பியும்தான், மாமனாரும்தான். என் கணவருக்கும் எனக்கும் ரத்த உறவு ஒன்றுமில்லை, வேலையிடத்தில் பழக்கம். ஆனாலும் அவருடைய அப்பாவைக் கல்யாணத்தன்றே மாமா என்றேன். அந்தச் சொல் பழைய கல்யாண முறையை இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறது. ஆய்வாளர்கள் இந்த வித்தியாசத்தை எப்போதோ விளக்கிவிட்டார்கள், ஆனால் வரைபடத்தின் நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆகவே குறியீட்டு விளக்கத்தைப் படிக்காமல் நிறத்தை நம்பாதீர்கள்.

சரி, ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அங் மோ கியோவில் எங்கள் மாடியில் எதிர்வீட்டில் ஹொக்கியன் பேசும் ஒரு சீன ஆன்ட்டி, பக்கத்து வீட்டில் ஒரு மலாய் மாக்சிக் (மலாயில் ஆன்ட்டி). இருவரையும் கோப்பி குடிக்கக் கூப்பிட்டேன். மருமகள் ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, நடுவில் 'நான்' என்று எழுதி மேலே கிளை வரைந்தாள். ஆன்ட்டி விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார்: அப்பாவின் அண்ணன் ஆ பே, தம்பி ஆ செக், அப்பாவின் சகோதரி ஆ கோ. அம்மாவின் சகோதரன் ஆ கு, சகோதரி ஆ யீ. ஒருவர் பெயரும் இன்னொருவர் மேல் படியவில்லை. மாக்சிக் அப்பா பக்கம், அம்மா பக்கம் என்று பிரிக்கவே இல்லை. மூத்தவர் பாக் லோங், நடுவில் உள்ளவர் பாக் ஙா, கடைசி பாக் சூ. பிறந்த வரிசைதான் பேசுகிறது. தாளில் மூன்று வண்ணப் பேனாவால் எழுதி முடித்தபோது ஒரே மரம் மூன்று விதமாக வெட்டப்பட்டிருந்தது. ஆன்ட்டி அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் பேரப்பிள்ளைகளுக்கு எல்லாரும் அங்கிள்" என்றார். என் வகுப்பிலும் அப்படித்தான் ஆகிக்கொண்டு வருகிறது, எனக்கு அது வலிக்கிறது.

ஒப்பிட்டுப் படிப்பதில் உள்ள பெரிய சிக்கலும் இந்தத் தளத்தால் புரிந்தது. 1888ல் லண்டனில் எட்வர்ட் டைலர் என்ற மானுடவியலாளர் முந்நூறுக்கும் மேற்பட்ட சமூகங்களைக் கணக்கெடுத்து ஒரு கட்டுரை வாசித்தார். மருமகன் மாமியார் வீட்டோடு தங்கும் வழக்கமும், மாமியாரும் மருமகனும் முகம் கொடுத்துப் பேசாத வழக்கமும் சேர்ந்தே வருகின்றன என்று காட்டினார். அங்கிருந்த பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் எழுந்து, இவை தனித்தனியாக வந்தவையா, ஒன்றிலிருந்து ஒன்று எடுத்ததா என்று கேட்டார். வகுப்பில் மூன்று பிள்ளைகள் ஒரே விடை எழுதினால் மூவருக்கும் தெரியும் என்று எண்ணிவிட முடியாது. ஒருவரைப் பார்த்து இருவர் எழுதியிருக்கலாம். டி-பிளேஸில் மொழி மரம் இருப்பது இதற்காகத்தான்.

இதை மனத்தில் வைத்துத்தான் மர்டாக்கும் டக்ளஸ் வொய்ட் என்ற இன்னொரு மானுடவியலாளரும் 1969ல் 186 சமூகங்களை மட்டும் பொறுக்கி ஒரு மாதிரித் தொகுப்பு செய்தார்கள். அதில் மலேசியாவின் நெகிரி செம்பிலான் இருக்கிறது, போர்னியோவின் ஈபான் இருக்கிறது, நீலகிரியின் தோடர் இருக்கிறார்கள். தமிழர் இல்லை. மருமகளுக்கு ஏமாற்றம். பக்கத்து பக்கத்துச் சமூகங்களில் ஒன்றைத்தான் எடுப்பார்கள் என்று சொல்லிப் புரியவைத்தேன். அப்புறம், ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு காலம் குறித்திருக்கிறார்கள். தோடருக்கு 1900 வாக்கில். இன்றைய ஊட்டியை அதில் தேடக்கூடாது.

தளம் முழுக்க ஆங்கிலம். உயர்நிலை மூன்று, நான்கு படிக்கும் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். ஜேசி பிள்ளைகள் தாங்களே சமாளிப்பார்கள். தமிழாசிரியர்கள் கட்டாயம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்து கல்யாணச் சீர். யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை மர்டாக் ஏழாகப் பிரித்திருக்கிறார்: பெண்ணுக்குப் பரியம், அடையாளத்துக்குச் சிறு பரியம், மாப்பிள்ளை உழைத்துக் கொடுப்பது, பரிசு மாற்றிக்கொள்வது, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது, வரதட்சிணை, ஒன்றுமே இல்லாதது. மருமகள் அதை அச்செடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் மாக்சிக்கின் மகனுக்குக் கீழே வாய்ட் டெக்கில் (புளோக்கின் திறந்த கீழ்த்தளம்) கல்யாணம். ஹந்தாரான் என்ற சீர்த் தட்டுகளை இரு பக்கமும் எண்ணிக் குறிக்க எங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்.