துவக்குத் திருத்தும் படிப்பு என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

திருகோணமலையில் நிலாவெளி வீதிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நடந்த வகுப்புக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன். ஆறு மாதத்தில் துவக்குத் திருத்தும் தொழில், கையில் சர்வதேசச் சான்றிதழ், அப்புறம் அமெரிக்காவில் வேலை என்றார்கள். வகுப்பை நடத்திய அதே ஆள் இப்போது கிண்ணியாவிலும் மூதூரிலும் பெடியன்களைச் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பில் லேத் மெசின் இல்லை, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் கூட இல்லை. மேசையில் ஒரு காற்றுத் துப்பாக்கியும் தேய்ந்த அரம் இரண்டும் கிடந்தன. மற்றதெல்லாம் யாரோ அமெரிக்காவில் அஞ்சல்வழியாகப் படித்த பழைய பாடங்களின் போட்டோகொப்பி. பற்றுச்சீட்டு கேட்டால், "என்னில நம்பிக்கை இல்லையோ தம்பி?" என்பார்.

இந்தத் தொழிலின் உயிரே அளவில்தான் இருக்கிறது. தோட்டா அறைக்குள் போய்த் தட்டி நிற்கும் இடத்துக்கும், பின்னால் அதை அடைக்கும் பூட்டின் முகத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். அது கூடிப்போனால் சுடும்போது தோட்டாவின் கோது பிளந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கே திரும்பி வரலாம். அதைச் சோதிக்க கோ, நோ-கோ என்று இரண்டு அளவுக் கட்டைகள் உண்டு. முதலாவதைப் போட்டால் பூட்டு மூட வேண்டும், இரண்டாவதைப் போட்டால் மூடக் கூடாது. இந்த இரண்டையும் அந்த வகுப்பில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கேட்டதற்கு "அங்க போனாக் காட்டுவாங்கள்" என்று பதில். இப்படிப் 'படித்து முடித்த' ஒருவர் தம்பலகாமத்தில் வயல் காக்கும் விவசாயியின் துவக்கில் கை வைத்தால் என்ன நடக்கும்? காசு போனதைவிட எனக்கு இதில்தான் கோபம்.

வெளிநாட்டில் இதை எப்படிக் கற்கிறார்கள் என்று பிறகு தேடிப் பார்த்தேன். ஜெர்மனியில் பட்டறையில் பயிலுநராக மூன்று வருடம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் கொலராடோவின் டிரினிடாட் ஸ்டேட் கல்லூரி 1947 முதல் இதைக் கற்பிக்கிறது, அங்கும் மாணவர்கள் லேத்திலும் அரத்திலும்தான் கிடக்கிறார்கள். அமெரிக்க வேலை என்பதோ முழுப் பொய். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதையே அந்த நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அங்கே துவக்குத் திருத்தும் கடை நடத்தவும் கூட்டாட்சி உரிமம் வேண்டும். யாரை நம்பி எங்களுக்கு வேலை கொடுப்பார்கள்?

சரி, இங்கேயே தொழில் செய்யலாமே என்று அந்த ஆள் இன்னொரு ஆசை காட்டுவார். அதையும் நம்பாதீர்கள். இலங்கையின் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம், செய்வதும் குற்றம். திருத்தத் தந்த துவக்கு உங்கள் வீட்டில் இருக்கும்போது பொலிஸ் வந்தால், அந்தச் சான்றிதழைக் காட்டி எதுவும் ஆகாது. கட்டுத்துவக்கு (மிருகங்களுக்குப் பொறியாகக் கட்டி வைப்பது) செய்தவர்கள் என்று பிடிபடுகிறவர்களோடு சேர்த்துத்தான் உங்களையும் பார்ப்பார்கள்.

எந்தத் தனியார் தொழிற்பயிற்சி நிலையமானாலும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், ஆணைக்குழுவிடமே விசாரித்துச் சரிபாருங்கள். வெளிநாட்டு வேலை என்றால் அந்த ஏஜென்சிக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரும்பு வேலையில் உண்மையிலேயே ஆசை இருந்தால், அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் லேத், வெல்டிங் படித்து என்விகியூ என்னும் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அந்தத் தகைமைக்கு வெளியிலும் மதிப்பு உண்டு.

ஏற்கெனவே காசு கட்டியவர்கள் வங்கிச் சீட்டையும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளையும் அழித்துவிடாதீர்கள். நாங்கள் சிலர் சேர்ந்து பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள்.