சலவை இயந்திரம் கெட்டால் யார் நிரூபிப்பது? இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன்: ஓர் ஒப்பீடு

வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது. சலவை இயந்திரத்தில் முதலில் தடதடவென்று சத்தம், பிறகு அடியில் நீர்க்கசிவு. விற்றவரிடம் போனால் எந்த நாட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை." இந்தப் பதிலை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் எப்படி எதிர்கொள்கிறது என்று பார்த்தாலே அந்தச் சட்டத்தின் தரம் தெரிந்துவிடும்.

நுகர்வோர் உரிமை பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக 1962 மார்ச் 15 அன்று கென்னடி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் தொடங்குவார்கள். பாதுகாப்பு, தகவல், தேர்வு, முறையீடு என்று நான்கு உரிமைகளை அவர் அதில் குறிப்பிட்டார். இந்தியச் சட்டம் ஆறு உரிமைகளைப் பட்டியலிடுகிறது. எனக்கு எண்ணிக்கையில் ஈடுபாடு இல்லை. பழுது வாங்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா என்று நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே என் கேள்வி. வீட்டில் துணி துவைப்பவரிடம் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கும் கருவியும் இல்லை, அறிவும் இல்லை. விற்றவருக்கோ தயாரித்தவருக்கோ இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

சிங்கப்பூர் இதை நேரடியாகத் தீர்த்திருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள அந்நாட்டின் 'லெமன் சட்டம்', பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரியவந்தால் அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது. இல்லை என்று காட்டுவது விற்றவர் வேலை. நம் இயந்திரத்துக்கு நான்கு மாதம்தான் ஆகிறது என்பதால் வாங்கியவர் வாதாடத் தேவையே இல்லை. முதலில் பழுதுபார்த்துத் தர வேண்டும், அல்லது மாற்றுப் பொருள் தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். பழைய பொருள் வாங்கியவருக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதற்கும் மசியாத விற்பனையாளரைச் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை அங்கே கோரலாம். வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. பெரிய நிறுவனம் கறுப்பு அங்கிகளை வரிசையாக நிறுத்தி மிரட்ட முடியாது என்பதே எனக்கு அதில் மிகவும் பிடித்தது.

பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்திலும் அதே ஆறு மாத அனுமானம் உண்டு. அதற்கு மேல் இன்னொரு படியும் இருக்கிறது. முதல் 30 நாளுக்குள் பழுது தெரிந்தால் பழுதுபார்ப்பு என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு முள் உண்டு. இந்த 30 நாள் உரிமைக்கு மட்டும் அந்த அனுமானம் பொருந்தாது. பொருள் பழுதானதுதான் என்று வாங்கியவரே காட்ட வேண்டும். பழுதுபார்ப்பையோ மாற்றுப் பொருளையோ கேட்பவருக்கு அனுமானம் துணைக்கு வருகிறது. ஒருமுறை பழுதுபார்த்தும் சரியாகவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒரே முறைதான், அதன் பிறகு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள் என்று விற்றவர் கெஞ்ச முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய்விட்டது. 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி அனுமானம் ஓராண்டு. உறுப்பு நாடுகள் விரும்பினால் அதை இரண்டு ஆண்டுகளாக்கலாம். பிரான்ஸ் புதிய பொருள்களுக்கு அப்படியே ஆக்கியிருக்கிறது. பதினான்காவது மாதத்தில் கெட்டுப்போகும் இயந்திரத்துக்குப் பாரிஸைப் போல் நல்ல ஊர் வேறு இல்லை.

இப்போது இந்தியா. இங்கேதான் மனம் கொஞ்சம் தடுமாறுகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வீச்சு, இந்த நான்கில் எதற்கும் குறைந்ததல்ல. பொருளும் உண்டு, சேவையும் உண்டு. மருத்துவர்களின் சேவையும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. (வழக்கறிஞர்கள் அடங்க மாட்டார்கள் என்று அதே நீதிமன்றம் 2024இல் சொன்னது. இதற்கு நான் கருத்துச் சொல்லப் போவதில்லை.) பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் எந்தக் காலமும் குறிக்காவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ரசீதின் அடியில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பும் வணிகர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இழப்பீட்டிலும், நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் இந்திய ஆணையங்களுக்குக் கை தாராளம். பொருளின் விலையோடு நின்றுவிடாமல் மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தொகை விதிக்கிறார்கள். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே, வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம்.

இத்தனை இருந்தும் நம் நான்கு மாத இயந்திரத்துக்கு என்ன ஆகிறது? சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் உள்ள அந்த ஆறு மாத அனுமானம் இந்தியச் சட்ட வாசகத்தில் இல்லை. பரிசோதனை இல்லாமல் பழுதை நிர்ணயிக்க முடியாது என்றால், ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வகம் 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்தப் பரிசோதனைக்கான கட்டணத்தைக் கட்டும்படி புகார்தாரரிடம் கேட்கலாம். சிங்கப்பூரில் விற்றவர் சுமக்கும் பாரத்தின் ஒரு பங்கை இங்கே வாங்கியவர் சுமக்கிறார். எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்குகள் ஏராளம். இயந்திரமே அதற்குள் பழைய இரும்புக்குப் போய்விடும்.

இன்னொரு விசித்திரம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்க்கும் உரிமையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகத் தந்தது. நல்ல உரிமை. ஆனால் அதை மாவட்ட ஆணையத்தில் எழுப்ப முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சிறு தொகைக்கு ஏமாந்தவர்தான் பெரும்பாலும் அந்தப் பொடி எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். அவரைத் தலைநகருக்குப் பஸ் ஏறச் சொல்வது என்ன நியாயம்?

மலேசியாவைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். அங்கே 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர்கள் வரக்கூடாது. விசாரணையின் முதல் நாளிலிருந்து, இயன்றவரை, 60 நாளுக்குள் தீர்ப்பு. அதைவிட முக்கியமானது அதன் பின்விளைவு: தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வென்றவரே மறுபடி நடையாய் நடந்து வசூல் நடவடிக்கை எடுக்க வேண்டும். கையில் தீர்ப்பு இருக்கும், பணம் இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் இந்தியாவும் மலேசியாவும் ஒரு பக்கம். ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்கு இந்தியாவில் ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

அமெரிக்காவை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அங்கே பெரும்பாலானவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1975இல் வந்த கூட்டாட்சி வாரண்டிச் சட்டம், எழுத்தில் வாரண்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கொடுத்தால் நேர்மையாகக் கொடு என்கிறது, அவ்வளவுதான்.

பழுதே இல்லை, மனம்தான் மாறிவிட்டது என்றால் கதை வேறு. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் சட்டமாகவே இருக்கிறது. அப்படியோர் உரிமை இருப்பதை விற்றவர் சொல்லாமல் விட்டால், ஐரோப்பாவில் அந்தக் காலம் மேலும் 12 மாதம் நீளும். இந்தியாவில் இணையக் கடைகள் காட்டும் 'ஏழு நாளில் திருப்பலாம்' என்பது பெரும்பாலும் அந்தக் கடையின் கொள்கை. அதைச் சட்டம் தந்த வரம் என்று நினைத்துக்கொண்டு எட்டாம் நாள் சண்டைக்குப் போகிறவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவார்கள். பழுது இருந்தால் மட்டும் நிலைமை மாறும்.

ஆக, நான்காம் மாதத்தில் கெட்ட இயந்திரத்துக்கு என் ஓட்டு சிங்கப்பூருக்கு. தவறான அறுவைச் சிகிச்சை, இழுத்தடிக்கும் காப்பீடு, பாதியில் நிற்கும் அடுக்குமாடி என்றால் தயங்காமல் இந்தியா. தீர்ப்பு கிடைத்த பிறகும் பணம் தராத வணிகர் என்றால் மலேசியா.

இந்தியாவில் இருப்பவர் அந்த ஆறு மாத அனுமானம் இல்லாத குறையைத் தாளைக் கொண்டுதான் ஓரளவு ஈடுகட்ட முடியும். சத்தம் கேட்ட முதல் நாளே எழுத்தில் புகார். வந்து பார்க்கும் பழுதுபார்ப்பவர் எழுதும் சர்வீஸ் சீட்டின் நகலை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும், தேதியோடும் கையெழுத்தோடும். ஒரே கோளாறு மூன்று சீட்டுகளில் மூன்று முறை பதிவாகியிருந்தால், "நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை" என்பதை ஆணையத்தின் முன் திரும்பச் சொல்வது நிறுவனத்துக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது. புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் கெடு. முதல் சீட்டில் உள்ள தேதி அதற்கும் உதவும்.