காந்தம் பொருத்திய பிளக் சாக்கெட்: வீட்டில் ஸ்பார்க் பிளக் மாற்றுவோருக்கு ஒரு மதிப்புரை

கார் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளைத் தாமே மாற்ற விரும்புவோர், மின்முனை நிக்கலால் ஆன பிளக் வாங்குவதா, இரிடியத்தால் ஆனது வாங்குவதா என்று நெடுநேரம் ஆராய்கிறார்கள். ஆனால் அந்தப் பிளக்கைப் பிடித்து இறக்கித் திருப்பும் குழல் வடிவக் கருவியான சாக்கெட்டைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. வேலை சீராக முடிவது பெரும்பாலும் அந்தச் சாக்கெட்டின் கையில்தான் இருக்கிறது. உள்ளே காந்தம் பதித்த 16 மி.மீ. சாக்கெட் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு, பழைய ரப்பர் வகைக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்கு அடியில், ஆழமான குறுகிய குழிக்குள் அமர்ந்திருக்கிறது. ரப்பர் வளையம் கொண்ட சாக்கெட் அங்கே பிளக்கின் பீங்கானைக் கவ்விக்கொள்ளும். புதிய பிளக்கை முடுக்கிவிட்டுச் சாக்கெட்டை மேலே இழுக்கும்போது, எண்ணெய் பட்டு ஊறிய ரப்பர் சில வேளைகளில் கழன்று பிளக்கோடு குழிக்குள்ளேயே தங்கிவிடும். அதை வெளியே எடுப்பது பிளக் மாற்றுவதைவிடப் பெரிய வேலை. காந்தமோ பீங்கானைத் தொடுவதில்லை. பிளக்கின் எஃகு உடலை மட்டும் பிடித்துக்கொண்டு, பிளக்கை முடுக்கிய பின் மேலே தூக்கினால் எளிதாக விட்டுவிடுகிறது. பழைய பிளக்கைக் கழற்றும்போதும், மரையிலிருந்து விடுபட்ட பிளக் நழுவாமல் சாக்கெட்டோடு சேர்ந்தே மேலே வருகிறது.

இதன் உண்மையான அருமை புதிய பிளக்கை இறக்கும்போதுதான் தெரிகிறது. இரிடியம் பிளக்கின் மைய மின்முனை 0.4 முதல் 0.6 மி.மீ. வரை மட்டுமே தடிமன் கொண்டது. அதைக் குழிக்குள் போட்டு விழவிட்டால் முனையின் இடைவெளி மாறிவிடும், பீங்கானிலும் விரிசல் விழலாம். காந்தச் சாக்கெட்டில் பொருத்தி, திருப்பும் கைப்பிடியான ராட்செட்டை மாட்டாமல், சாக்கெட்டை நீட்டிக்கும் கம்பியான எக்ஸ்டென்ஷனை மட்டும் விரல்களால் பிடித்து மெதுவாக இறக்கினால், முனை எதிலும் மோதாமல் மரையின் வாயில் போய் அமர்கிறது. முதலில் சற்று இடப்புறமாகத் திருப்பினால் மரையின் தொடக்கம் பொருந்தும் இடத்தில் பிளக் இலேசாக இறங்குவதை விரல் நுனியிலேயே உணரலாம். அதன் பிறகே வலப்புறம் திருப்ப வேண்டும். பிளக் பொருந்தும் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் மரை ஒருமுறை கோணலாக ஏறிவிட்டால் செலவு பெரிது என்பதால், இந்த உணர்வு தெளிவாகக் கிடைப்பதையே இக்கருவியின் முதன்மையான தகுதியாகக் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. காந்தம் இரும்புத் துகள்களையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. துடைக்காமல் இறக்கினால் அவை பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் விழக்கூடும். குழியில் சேர்ந்த தூசியைக் காற்றடித்து நீக்குவது போலவே, சாக்கெட்டின் உட்புறத்தையும் ஒவ்வொரு முறையும் துணியால் துடைப்பது நல்லது. நான் வாங்கிய சாக்கெட்டின் மேல்பகுதியில் அசையும் மூட்டு இருக்கிறது. வளைந்து செல்ல வேண்டிய இடத்தில் அது உதவினாலும், நேரான குழியில் சாய்ந்து தொந்தரவு தருகிறது. முடுக்கும்போது சாய்வாக விசை கொடுத்தால் பீங்கான் உடையும் ஆபத்தும் இருக்கிறது. மூட்டு இல்லாத வகையையே பரிந்துரைப்பேன்.

சாக்கெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டாம் என்றாகாது. வாஷர் உள்ள, மரையின் விட்டம் 14 மி.மீ. ஆன பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும்; காரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வாங்கும் முன் பிளக்கின் அறுகோண அளவை, அதாவது சாக்கெட் மாட்டும் பகுதியின் அளவை, பார்த்துக்கொள்ளுங்கள். சில புதிய எஞ்சின்களில் 14 மி.மீ. அளவில் பன்னிரண்டு முனை கொண்ட பிளக் வருகிறது. பழைய எஞ்சின்கள் சிலவற்றுக்கு ஏறத்தாழ 21 மி.மீ. சாக்கெட் தேவைப்படும். அவற்றுக்கு இந்த 16 மி.மீ. சாக்கெட் பயன்படாது.