காது மெஷின் என்று விற்பதெல்லாம் காது மெஷின் இல்லை

வயதான பெற்றோருக்குப் பரிசாகக் கொடுக்க இணையத்தில் மலிவான காது மெஷின் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பாவுக்காகத்தான் வாங்கினேன். விளம்பரம் அவ்வளவு கச்சிதமாக இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், சிரிக்கும் தாத்தா பாட்டிகள், முக்கால்வாசி தள்ளுபடி, அந்தத் தள்ளுபடி முடிய எத்தனை நிமிடம் என்று ஓடும் கடிகாரம். பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும் என்பது பிறகுதான் தெரிந்தது. கீழே 'எஃப்டிஏ பதிவு பெற்றது' என்று கழுகுப் படம் போட்ட சான்றிதழ் வேறு.

வந்த பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்தது: 'சவுண்ட் ஆம்ப்ளிஃபையர். மருத்துவக் கருவி அல்ல.' விளம்பரத்தில் இந்த வரி எங்குமே இல்லை.

அப்பா மாட்டிப் பார்த்தார். ஃபேன் சத்தம் இரைச்சலாகக் கேட்டது, பாத்திரம் வைக்கும் சத்தம் இடியாக விழுந்தது, தலையைத் திருப்பினால் விசில் அடித்தது. பேச்சு மட்டும் முன்பு போலவேதான். "சத்தம் நிறைய கேக்குதுப்பா, வார்த்தைதான் புரியல" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. வயதாகும்போது பெரும்பாலும் முதலில் குறைவது உயர் அதிர்வெண்களை, அதாவது கீச்சென்ற ஒலிகளை, கேட்கும் திறன். ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும், அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும். அதனால்தான் 'காதில் விழுது, புரியல' என்கிறார்கள். குழந்தைகள், பெண்களின் குரல் பிடிபடாமல் போவதும் இதனால்தான். முறையான காது மெஷினில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறை என்று பார்த்து அங்கே மட்டும் தேவையான அளவு கூட்டுவார்கள். ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது. கண்ணைச் சோதிக்காமல் கிடைத்த கண்ணாடியை மாட்டிவிடுவது போலத்தான். இதைவிட மோசம், சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்காத மலிவுக் கருவிகள் மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் கெடுக்கக்கூடும்.

அந்தச் சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். எஃப்டிஏ என்பது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. ஒரு நிறுவனம் தன் பெயரை அங்கே பதிவு செய்வதும், அந்தக் கருவியை எஃப்டிஏ பார்த்து ஒப்புதல் கொடுப்பதும் வெவ்வேறு. பதிவுக்கென்று அவர்கள் சான்றிதழே கொடுப்பதில்லை. ஆக, கழுகுப் படத்தோடு சான்றிதழ் காட்டினாலே சந்தேகப்படலாம். 2022 அக்டோபரிலிருந்து அமெரிக்காவில், இலேசான அல்லது மிதமான குறை உள்ள பெரியவர்கள் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே காது மெஷின் வாங்கலாம் என்று விதி வந்தது. அதிலும் சத்தத்துக்கு உச்சவரம்பு உண்டு. இந்தக் கும்பலோ அந்த விதியின் பெயரைச் சொல்லி ஆம்ப்ளிஃபையரை விற்கிறது.

சரி, திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதினால் முதல் பதில்: 'காதில் வைத்த பொருள், சுகாதாரக் காரணத்தால் திரும்பப் பெற முடியாது.' விடாமல் கேட்டதும், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சிறு பகுதிப் பணம் தருகிறோம் என்றார்கள். அதுவும் வேண்டாம் என்றதும், வேறொரு நாட்டு முகவரிக்கு என் செலவில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டும்! அந்தப் பகுதிப் பணத்தை வாங்கிவிடாதீர்கள். 'பிரச்சினை தீர்ந்தது' என்று காட்ட அவர்களுக்கு அது போதும்.

கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் புகார் கொடுத்தேன். 'காது மெஷின்' என்று சொன்ன விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டியில் இருந்த வரியின் படம், அவர்கள் அனுப்பிய மெயில்கள் மூன்றையும் இணைத்தேன். இப்போது போய்ப் பார்த்தால் விளம்பரப் பக்கத்தின் வாசகமே மாறியிருக்கிறது. அதனால் வாங்கும்போதே படம் எடுத்து வையுங்கள். புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

அதே பக்கத்தில் ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும் வாட்ச் ஒன்றும் 'அம்மாவுக்கான பரிசு' என்று ஓடுகிறது. அப்படித் தானாகவே அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் ஒப்புதல் தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் எஃப்டிஏ எச்சரித்தது. இது காது மெஷினைவிட ஆபத்து. தப்பான அளவைப் பார்த்து இன்சுலின் போட்டுவிட்டால் என்ன ஆகும்?

அப்புறம் அப்பாவை ஆடியாலஜிஸ்டிடம், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம், அழைத்துப் போனேன். ஒரு காதில் குறும்பி அடைத்திருந்தது. அதை எடுத்ததுமே அந்தக் காது ஓரளவு தெளிந்தது. மறு காதுக்கு எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்து, இப்போதைக்கு மெஷின் அவசரமில்லை என்றார்கள். டிவிக்கு மட்டும் ஒரு வயர்லெஸ் ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தேன். சத்தத்தை அவரே கூட்டிக் குறைத்துக்கொள்கிறார். பரிசோதனைக்கும் ஹெட்ஃபோனுக்கும் சேர்த்து ஆன செலவு, அந்த ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.